விசித்திரமான சிறு படத்துக்கு ஆஸ்கர் வாய்ப்பு எவ்வளவு?

கேட்கப்பட்ட கேள்வி இது: சன்டான்ஸ் போன்ற ஒரு விழாவில் திரையிடப்பட்டு நல்ல பேச்சை எழுப்பிய, கதையிலும் சொல்லும் முறையிலும் வழக்கத்துக்கு மாறான, குறைந்த செலவில் எடுக்கப்பட்ட ஓர் அமெரிக்கச் சுயாதீனப் படம் இன்னும் திரையரங்குகளுக்கு வராத நிலையில், அடுத்த ஆஸ்கர் விருதுகளில் அதற்குள்ள வாய்ப்பை எதை வைத்துக் கணிப்பது? அதன் விசித்திரமே அதற்குத் தடையாகிவிடாதா?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பரிந்துரைகள் முடிவாகும் சுற்றில் விசித்திரம் பெரும்பாலும் ஒரு பலம். இறுதிச் சுற்றில், அதுவும் சிறந்த படம் என்ற ஒரே ஒரு பிரிவில் மட்டும், அது பெரும் சுமையாகிறது. இரண்டு சுற்றுகளிலும் வாக்குகள் எண்ணப்படும் முறை வேறு வேறு என்பதே இதற்குக் காரணம். ஆகவே, இன்ன படத்துக்கு வாய்ப்பு உண்டா என்று பொதுவாகக் கேட்காமல், எந்தப் பிரிவில், எந்தச் சுற்றில், யாருடைய வாக்கால் என்று பிரித்துக் கேட்டால் கணிப்பு தெளிவாகும்.

ஆஸ்கர் விருதுகளை வழங்கும் அமைப்பான அகாதமியின் வாக்காளர்கள் ஏறக்குறைய பத்தாயிரம் பேர். அவர்கள் நடிகர்கள், இயக்குநர்கள், எழுத்தாளர்கள், படத்தொகுப்பாளர்கள், ஒளிப்பதிவாளர்கள் என்று தனித்தனிக் கிளைகளாகப் பிரிந்திருக்கிறார்கள். பரிந்துரைச் சுற்றில் அந்தந்தத் துறைக்கு அந்தந்தக் கிளையினரே வாக்களிக்கிறார்கள்; சிறந்த படத்துக்கு மட்டும் எல்லாக் கிளையினரும் வாக்களிப்பார்கள். வாக்காளர் தம் விருப்பங்களை வரிசைப்படுத்தி எழுதித் தருகிறார், எண்ணும்போது முதலிடத்துக்கே பெரும் மதிப்பு. ஐந்து இடங்கள் உள்ள ஒரு பிரிவில் ஆறில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதலான வாக்கைப் பெற்றுவிட்டால் பரிந்துரை உறுதியாகிவிடும். ஒரு கிளையில் 600 பேர் வாக்களித்தார்கள் என்று வைத்துக்கொண்டால், 101 பேர் முதலிடம் கொடுத்தாலே போதும். மற்ற 499 பேரும் அந்தப் படத்தை வெறுத்தாலும் அதை அசைக்க முடியாது. சிறந்த படத்துக்குப் பத்து இடங்கள் இருப்பதால் அந்த அளவு பதினொன்றில் ஒரு பங்கு, அதாவது ஒன்பது விழுக்காட்டையொட்டி, இறங்கிவிடுகிறது. எல்லாருக்கும் ஓரளவு பிடித்த படம் இந்த எண்ணும் முறையில் தோற்றுப்போகலாம், சிலருக்கு உயிராகிப்போன படம் உள்ளே நுழைந்துவிடலாம். விசித்திரமான படங்கள் பார்ப்பவர்களை இரண்டு அணியாகப் பிரிப்பவை. தீவிரமாக நேசிக்கும் அணி சிறியதாக இருந்தாலும் அதற்கு இங்கே மதிப்பு உண்டு.

கடந்த கால் நூற்றாண்டில் இதற்குச் சான்றுகள் நிறைய. 1999ஆம் ஆண்டின் 'பீயிங் ஜான் மால்கோவிச்' சிறந்த படத்துக்கான ஐந்தில் இடம்பெறவில்லை. ஆனால் இயக்குநர்களின் கிளை ஸ்பைக் ஜோன்ஸையும், எழுத்தாளர்களின் கிளை அதன் திரைக்கதையையும், நடிகர்களின் கிளை கேத்தரின் கீனரையும் பரிந்துரைத்தன. 2001இல் 'மல்ஹாலண்ட் டிரைவ்' படத்துக்குக் கிடைத்த ஒரே பரிந்துரை இயக்கத்துக்காக டேவிட் லிஞ்சுக்குக் கிடைத்ததுதான். இயக்குநர்களின் கிளை இன்றும் துணிச்சலானது. 2024ஆம் ஆண்டுப் படங்களுக்கான விருதில் உடல் உருமாறுவதைக் காட்டித் திகிலூட்டும் படமான 'தி சப்ஸ்டன்ஸ்' படத்துக்காகக் கோரலி ஃபார்ஜாவை அது ஐவரில் ஒருவராக்கியது. இதைவிடவும் தூய்மையான உதாரணம் 'டு லெஸ்லி'. 2022இல் சிறு அளவில் வெளியாகி, திரையரங்குகளில் வெறும் 27,000 டாலர் அளவே வசூலித்த அந்தப் படத்துக்காக ஆண்ட்ரியா ரைஸ்பரோ சிறந்த நடிகைக்கான பரிந்துரையைப் பெற்றார். பெரிய விளம்பரம் எதுவும் இல்லை. சக நடிகர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிப் பரப்பியதால் நடந்தது அது. அந்தப் பரப்புரை முறை குறித்து அகாதமி ஆய்வு நடத்தியபோதிலும் பரிந்துரை நிலைத்தது.

இறுதிச் சுற்றில் எல்லாரும் எல்லாப் பிரிவுகளுக்கும் வாக்களிக்கிறார்கள். நடிப்பு, திரைக்கதை, இயக்கம் போன்ற பிரிவுகளில் யாருக்கு அதிக வாக்கோ அவருக்கே விருது. ஐந்து பேர் போட்டியிட்டால் கால் பங்குக்கும் குறைவான வாக்கை வைத்துக்கூட ஒருவர் வென்றுவிடலாம். சிறந்த படம் மட்டும் வேறு. அங்கே வாக்காளர் படங்களை வரிசைப்படுத்தித் தருகிறார். எந்தப் படமும் பாதிக்கு மேல் முதலிடம் பெறாவிட்டால், கடைசியில் இருக்கும் படத்தை நீக்கி, அதற்கு முதலிடம் கொடுத்தவர்களின் அடுத்த விருப்பத்தை எண்ணுவார்கள். பாதியைத் தாண்டும்வரை இது தொடரும். ஆக, பலருடைய வரிசையில் இரண்டாம் மூன்றாம் இடத்தில் இருக்கும் படத்துக்கு இம்முறை சாதகமானது. பலருடைய வரிசையில் ஒன்பதாம் பத்தாம் இடத்துக்குத் தள்ளப்படும் படத்துக்கு, முதலிட வாக்குகள் எத்தனை இருந்தாலும், ஏறுவது கடினம். படத்தைக் கணிக்கும்போது நான் என்னையே கேட்டுக்கொள்ளும் கேள்வி இங்கிருந்துதான் பிறக்கிறது: இந்தப் படத்தை நேசிக்காத ஒருவர் இதைத் தம் வரிசையில் எங்கே வைப்பார்?

இந்தக் கேள்விக்கு மிகச் சிறந்த பாடம் டேனியல் குவான், டேனியல் ஷைனர்ட் என்ற இரட்டையர் எடுத்த இரண்டு படங்களில் இருக்கிறது. 2016இல் சன்டான்ஸில் திரையிடப்பட்ட 'ஸ்விஸ் ஆர்மி மேன்', தனித்தீவில் சிக்கிக்கொண்ட ஒருவன் ஒரு பிணத்தின் துணையோடு ஊர் திரும்புவதைச் சொல்கிறது; அந்தப் பிணத்தையே படகாக்கி ஓட்டும் விசையாகிறது அதன் வயிற்றுக்காற்று. திரையிடலின் பாதியில் எழுந்து போனவர்கள் உண்டு. ஆனாலும் அந்த விழாவின் இயக்கத்துக்கான விருது அதற்குக் கிடைத்தது. ஆஸ்கரில் ஒரு பரிந்துரைகூட வரவில்லை. ஆறு ஆண்டுகள் கழித்து, அதே இருவரும் 'எவ்ரிதிங் எவ்ரிவேர் ஆல் அட் ஒன்ஸ்' படத்தை எடுத்தார்கள். விரல்களுக்குப் பதிலாக ஹாட்டாக் தொங்கும் மனிதர்கள், பாலைநில விளிம்பில் உட்கார்ந்து பேசிக்கொள்ளும் இரண்டு பாறைகள், எல்லாவற்றையும் விழுங்கும் ஒரு ரொட்டி வளையம் என்று விசித்திரத்தில் அது முந்தைய படத்துக்குச் சற்றும் குறைந்ததன்று. ஆனால் 11 பரிந்துரைகளும், சிறந்த படம் உட்பட 7 விருதுகளும் அதற்குக் கிடைத்தன.

எது மாறியது? ஒன்று, கதையின் நடுவில் இருந்த மனிதர்கள். சலவைக்கடை நடத்தும் ஒரு குடியேறிய குடும்பம், வரி அலுவலகத்தில் கணக்குக் காட்ட வேண்டிய நாள், தந்தையிடம் தன் மகளைப் பற்றிச் சொல்லத் தயங்கும் தாய், அந்தத் தாயால் புரிந்துகொள்ளப்படாத மகள். பல பிரபஞ்சங்களின் ஆரவாரத்தைப் பின்தொடர முடியாத எழுபது வயது உறுப்பினரும் அந்தத் தாயையும் மகளையும் பின்தொடர்ந்துவிட முடியும். 'ஸ்விஸ் ஆர்மி மேன்' படத்தில் விசித்திரத்தைத் தாண்டித் தனியே பற்றிக்கொள்ள அப்படி ஒரு கைப்பிடி இல்லை; அதன் தனிமை உணர்வு உண்மையானது என்றாலும், அந்தப் பிணத்தை ஏற்றுக்கொள்ளாதவருக்கு அந்த உணர்வு எட்டாது. இரண்டாவது, நடிகர்களின் வாழ்க்கை. பல பத்தாண்டுகள் நடித்தும் ஆஸ்கர் பரிந்துரையே பெறாத மிஷெல் யோ. குழந்தை நட்சத்திரமாகப் புகழ்பெற்று, பின்னர் வேடங்கள் கிடைக்காமல் நடிப்பையே விட்டு விலகித் திரும்பிய கீ ஹுய் க்வான். தொழிலில் எல்லாரும் அறிந்த ஜேமி லீ கர்டிஸ். மூவருமே வென்றார்கள். நடிகர்களின் கிளை எண்ணிக்கையில் மிகப் பெரியது என்பதை இங்கே நினைவில் வைக்க வேண்டும். மூன்றாவது, மக்கள் கூட்டம். 2022 மார்ச் மாதம் சவுத் பை சவுத்வெஸ்ட் விழாவில் தொடங்கி, அதே மாதம் பத்துத் திரையரங்குகளில் மட்டும் வெளியாகி, வாய்ச்சொல்லால் பரவி, பல மாதங்கள் ஓடி, உலக அளவில் 10 கோடி டாலரைத் தாண்டிய ஏ24 நிறுவனத்தின் முதல் படமாக அது ஆனது. இப்படி ஓடிய படத்தை ஓர் உறுப்பினரால் ஒரு சிறு கும்பலின் ரசனை என்று ஒதுக்க முடியாது.

விசித்திரத்தின் அளவு ஒரு படத்தின் வாய்ப்பைத் தீர்மானிப்பதில்லை என்றே இந்த ஒப்பீடு எனக்குச் சொல்கிறது. விசித்திரத்தை விலக்கிவிட்டுக் கதையை இரண்டு வரியில் சொன்னால் என்ன மிஞ்சுகிறது என்று பாருங்கள். 'லிட்டில் மிஸ் சன்ஷைன்' படத்தை அப்படிச் சொல்லிப் பார்த்தால், சண்டையிட்டுக்கொள்ளும் ஒரு குடும்பம் சிறுமியின் ஆசைக்காக ஒன்றாகப் பயணம் போகிறது என்று மிஞ்சும். வார்த்தை பேசாத மகன், போதைப்பழக்கமுள்ள தாத்தா, தற்கொலைக்கு முயன்ற மாமன் என்ற கோணல்கள் எல்லாம் அந்த எளிய எலும்பின் மேல் வளர்ந்த சதை.

அந்தப் படத்தின் கணக்கு இன்னும் விரிவாகப் பார்க்கத் தக்கது, ஏனென்றால் பின்னால் வந்த பல படங்களின் விநியோகஸ்தர்கள் அதே பாதையில்தான் நடக்க முயன்றார்கள். சுமார் 80 லட்சம் டாலரில் எடுக்கப்பட்டு, 2006 ஜனவரியில் சன்டான்ஸில் திரையிடப்பட்டபோது ஃபாக்ஸ் சர்ச்லைட் என்ற விநியோக நிறுவனம் அதை 1 கோடியே 5 லட்சம் டாலருக்கு வாங்கியது. அந்த விழாவில் அதுவரை எந்தப் படத்துக்கும் கொடுக்கப்படாத விலை. ஜூலை இறுதியில் சில அரங்குகளில் தொடங்கி மெல்ல விரிந்து, உலகெங்கும் சுமார் 10 கோடி டாலர் வசூலித்தது. அமெரிக்கத் தயாரிப்பாளர் சங்கத்தின் விருதையும், அங்குள்ள நடிகர் சங்கத்தின் கூட்டு நடிப்புக்கான விருதையும் வென்றது. ஆஸ்கரில் நான்கு பரிந்துரைகள் பெற்று, ஆலன் ஆர்க்கினுக்குத் துணை நடிகர் விருதும் மைக்கேல் ஆர்ண்டுக்குத் திரைக்கதை விருதும் கிடைத்தன. சிறந்த படம் 'தி டிபார்ட்டட்' படத்துக்குப் போனது. 'லிட்டில் மிஸ் சன்ஷைன்' படத்தை இயக்கிய இருவரும் இயக்குநர் பிரிவில் பரிந்துரைக்கப்படவே இல்லை. அந்தக் காலத்தில் சிறந்த படத்துக்கு ஐந்து இடங்கள், வரிசைப்படுத்தாத ஒற்றை வாக்கு. பத்து இடங்களும் வரிசை வாக்கும் 2009ஆம் ஆண்டுப் படங்களிலிருந்துதான் வந்தன. இன்றைய முறை அன்றே இருந்திருந்தால் அந்தப் படம் வென்றிருக்கக்கூடும் என்பது என் ஊகம். யாருக்கும் அதன்மேல் வெறுப்பு இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

இதற்கு எதிர்ப்பக்கத்தில், விழாக் கைதட்டலை நம்பி ஏமாந்த கணிப்புகளும் உண்டு. 2015 சன்டான்ஸில் 'மீ அண்ட் ஏர்ல் அண்ட் தி டையிங் கேர்ல்' நடுவர் குழுவின் பெரும் பரிசையும் பார்வையாளர் விருதையும் ஒருசேர வென்றது, அதே சர்ச்லைட் அதைப் பெரும் தொகைக்கு வாங்கியது, கோடையில் வெளியிட்டது. பழைய பாதையின் ஒவ்வொரு அடியும் அப்படியே இருந்தது. அமெரிக்காவில் வசூல் ஒரு கோடி டாலரைக்கூட எட்டவில்லை, ஆஸ்கர் பரிந்துரை ஒன்றுகூட வரவில்லை. பனி மூடிய மலையூரில், படைப்பாளிகள் அரங்கிலேயே உட்கார்ந்திருக்க, முதல்முறை பார்க்கும் கூட்டத்தின் உற்சாகம் வேறு; ஜூலை மாதத்து நகரத் திரையரங்கில் காசு கொடுத்து நுழைபவரின் மனநிலை வேறு. விழாவிலிருந்து வரும் முதல் விமர்சனங்களை நான் ஆர்வத்தோடு படிப்பேன், ஆனால் கணிப்புக்கு அவற்றில் ஒரு சிறு பகுதியையே எடுத்துக்கொள்வேன்: படத்தைப் பிடிக்காதவர்கள் அதைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார்கள் என்பதை. பிடிக்காதவரும் நடிப்பையோ எழுத்தையோ மதித்து எழுதியிருந்தால் அது நல்ல அறிகுறி. எரிச்சலோடு எழுதியிருந்தால், சிறந்த படத்துக்கான இறுதிச் சுற்றை மறந்துவிடலாம்.

எனக்கு இன்றும் மனத்தாங்கலாக இருப்பது 'தி ஃபேர்வெல்' படத்தின் கதி. 2019 சன்டான்ஸில் பாராட்டப்பட்டு, கோடையில் நன்றாக ஓடி, அக்வாஃபினாவுக்கு கோல்டன் குளோப் விருதையும், சுயாதீனப் படங்களுக்கான ஸ்பிரிட் விருதுகளில் சிறந்த படம் என்ற பெயரையும் பெற்றுத்தந்த படம் அது. பாட்டிக்கு வந்த நோயை அவளிடமே மறைக்கும் குடும்பத்தின் கதை. நடிப்பிலும் எழுத்திலும் அவ்வளவு நுட்பம். ஆஸ்கரில் ஒரு பரிந்துரையும் கிடைக்கவில்லை. அந்த ஆண்டு அசல் திரைக்கதைப் பிரிவு 'பாரசைட்', 'மேரேஜ் ஸ்டோரி', 'நைவ்ஸ் அவுட்' முதலிய படங்களால் நெருக்கடியாக இருந்தது. அதன் விநியோகஸ்தரான ஏ24 அதே ஆண்டில் 'அன்கட் ஜெம்ஸ்', 'தி லைட்ஹவுஸ்', 'வேவ்ஸ்', 'தி லாஸ்ட் பிளாக் மேன் இன் சான் ஃபிரான்சிஸ்கோ' ஆகியவற்றையும் கையில் வைத்திருந்தது. ஒரு சிறு நிறுவனத்தின் கவனம் இத்தனை படங்களுக்கு இடையே பங்கிடப்பட்டதும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

ஆகையால், ஒரு படத்தை யார் வாங்கினார் என்பதோடு, அதே ஆண்டில் அவர் கையில் வேறு என்ன இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். விருதுப் பரப்புரைக்குச் செலவு அதிகம். உறுப்பினர்களுக்கான சிறப்புத் திரையிடல்கள், கலந்துரையாடல்கள், தொழில் இதழ்களில் விளம்பரம், அகாதமியின் இணையத் திரையிடல் தளத்தில் படத்தை ஏற்றுவதற்கான கட்டணம், நடிகர்களை லாஸ் ஏஞ்சலீஸுக்கும் நியூயார்க்குக்கும் லண்டனுக்கும் மாதக்கணக்கில் அழைத்துச் செல்வது என்று அது நீளும். சுமார் 60 லட்சம் டாலரில் எடுக்கப்பட்ட 'அனோரா' படத்தின் விளம்பரத்துக்கும் பரப்புரைக்கும் நியான் நிறுவனம் அதைப்போல் மும்மடங்கு, 1 கோடியே 80 லட்சம் டாலர், செலவிட்டதாகச் செய்திகள் கூறின. படம் 6 பரிந்துரைகளில் 5ஐ வென்றது. இயக்குநர் ஷான் பேக்கர் ஒரே இரவில் நான்கு சிலைகளைப் பெற்றார். பணம் கொட்டினால் வென்றுவிடலாம் என்று இதிலிருந்து முடிவுகட்ட வேண்டாம், ஏனென்றால் பெருஞ்செலவில் தோற்ற படங்கள் ஏராளம். ஆனால் செலவிட மனமில்லாத விநியோகஸ்தரிடம் அகப்பட்ட விசித்திரமான சிறு படத்துக்கு, திரைக்கதைப் பரிந்துரைக்கு மேல் எதையும் எதிர்பார்ப்பது வீண்.

ஷான் பேக்கரின் பெயர் வந்ததால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். செல்பேசியில் படமாக்கப்பட்ட அவருடைய 'டேஞ்சரின்' 2015இல் ஒரு பரிந்துரையும் பெறவில்லை. 2017இன் 'தி ஃபுளோரிடா பிராஜெக்ட்' வில்லம் டஃபோவுக்கு ஒரு துணை நடிகர் பரிந்துரையை மட்டும் பெற்றுத்தந்தது. 2021இன் 'ரெட் ராக்கெட்' மீண்டும் வெறுங்கை. அதன் பிறகே 'அனோரா'. கிரேக்க இயக்குநர் யோர்கோஸ் லாந்திமோஸின் ஏணியும் இப்படித்தான் ஏறியது: 'டாக்டூத்' வேற்றுமொழிப் பட வரிசையில் பரிந்துரை, 'தி லாப்ஸ்டர்' திரைக்கதைக்கு ஒரே ஒரு பரிந்துரை, 'தி ஃபேவரிட்' பத்துப் பரிந்துரைகள், 'புவர் திங்ஸ்' பதினொன்று. அகாதமி ஒரு விசித்திரமான பார்வையை முதல் படத்திலேயே தழுவிக்கொள்வது அரிது. பழகிய பின்னரே தழுவுகிறது. முதல் படம் எடுத்திருக்கும் இயக்குநர் என்றால் எதிர்பார்ப்பை ஒரு படி குறைத்துக்கொள்வேன், மூன்றாவதோ நான்காவதோ படம் என்றால் ஒரு படி கூட்டுவேன். விதிவிலக்காக 'பீஸ்ட்ஸ் ஆஃப் தி சதர்ன் வைல்ட்' உண்டு. சுமார் 18 லட்சம் டாலரில் பென் சைட்லின் எடுத்த அந்த முதல் படம் 2012இல் சிறந்த படம், இயக்கம், நடிகை, தழுவல் திரைக்கதை ஆகிய நான்கு பரிந்துரைகளைப் பெற்றது. அதுவும் எதையும் வெல்லவில்லை.

இப்படிப்பட்ட படங்களுக்கு இயல்பான வீடு அசல் திரைக்கதைப் பிரிவுதான். 'லாஸ்ட் இன் டிரான்ஸ்லேஷன்', 'எட்டர்னல் சன்ஷைன்', 'லிட்டில் மிஸ் சன்ஷைன்', 'ஜூனோ', 'ஹெர்' என்று அந்த விருதின் பட்டியலைப் பார்த்தாலே தெரியும். இவற்றில் எதுவும் சிறந்த படம் விருதை வெல்லவில்லை. கோணலான கற்பனைக்கு எழுத்தாளர்கள் முதலில் தலைவணங்குகிறார்கள், இறுதிச் சுற்றில் மற்றக் கிளையினரும் அந்தத் தீர்ப்பை ஒரு சமரசமாக ஏற்றுக்கொள்கிறார்கள்: பெரிய விருது பெரிய படத்துக்கு, எழுத்துக்கான விருது புதுமைக்கு என்று. கதை ஒரு நாவலையோ நாடகத்தையோ தழுவியது என்றால் போட்டி வேறு திசைக்குப் போய்விடும். அங்கே பெரும் தயாரிப்புகளும் புகழ்பெற்ற நூல்களும் எதிரே நிற்கும்.

நடிப்பைப் பொறுத்தவரை, கூட்டு நடிப்பாக இருப்பதைவிட ஒருவர் மீது கவனம் குவிவதே பரிந்துரைக்கு உதவும்; நடிகர் நெடுங்காலம் மதிக்கப்பட்டு, விருது மட்டும் கிடைக்காதவராக இருந்தால் இன்னும் நல்லது. ஆனால் அதுவே வெற்றியாகிவிடாது. 'தி சப்ஸ்டன்ஸ்' படத்துக்காக டெமி மூர் கோல்டன் குளோபையும் நடிகர் சங்க விருதையும் வென்ற பிறகும் ஆஸ்கரில் 'அனோரா'வின் மைக்கி மேடிசனிடம் தோற்றார். நடிகர் சங்க விருதுக்குச் சில நாள்கள் முன்னரே பிரிட்டிஷ் அகாதமியின் விருது மேடிசனுக்குப் போயிருந்தது. அமெரிக்காவுக்கு வெளியே உள்ள உறுப்பினர்களின் எண்ணிக்கை கூடியிருக்கும் இந்நாளில் அந்த விருதை முன்பைவிடக் கவனமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

வெளியீட்டுத் தேதி பற்றி நிலவும் நம்பிக்கைகளை நான் அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை. ஆண்டின் தொடக்கத்தில் வந்த படம் மறக்கப்படும் என்பார்கள். மார்ச்சில் வந்த படம் ஏழு விருதுகளை அள்ளியதை மேலே பார்த்தோம். விதிகளை மட்டும் கவனிக்க வேண்டும். தகுதி பெறுவதற்கு, குறிக்கப்பட்ட ஆறு அமெரிக்க நகரப் பகுதிகளில் ஒன்றில் ஏழு நாள்கள் ஓட வேண்டும் என்பது பழைய விதி. 2024ஆம் ஆண்டுப் படங்களிலிருந்து, சிறந்த படத்துக்குப் போட்டியிட விரும்பினால், முதல் வெளியீட்டிலிருந்து 45 நாள்களுக்குள் அமெரிக்காவின் 50 பெரிய சந்தைகளில் பத்தில் மேலும் ஏழு நாள்கள் ஓட வேண்டும் என்பதும் சேர்ந்துவிட்டது. ஓர் இணையத் தளம் படத்தை வாங்கி ஒரே நகரத்தில் பெயருக்கு ஓட்டினால், அதன் நோக்கம் சிறந்த படம் அன்று என்று தெரிந்துகொள்ளலாம்.

சிறு படங்களுக்கு நம்பிக்கை தரும் விதி ஒன்றும் அண்மையில் வந்திருக்கிறது. 2025ஆம் ஆண்டுப் படங்களுக்கான விருதிலிருந்து, ஒரு பிரிவில் இறுதி வாக்களிக்க வேண்டுமானால் அந்தப் பிரிவில் பரிந்துரைக்கப்பட்ட எல்லாப் படங்களையும் உறுப்பினர் பார்த்திருக்க வேண்டும். முன்பெல்லாம் தலைப்பைக் கேட்டே திறக்காமல் விடப்பட்ட படங்கள் இனி திறக்கப்படும். பரிந்துரை பெறும்வரை இது உதவாது. பெற்றுவிட்டால், இறுதிச் சுற்றில் பெயர் தெரியாத படத்துக்கும் பெயர் பெற்ற படத்துக்கும் இடையே இருந்த தூரத்தை இது குறைக்கும் என்று நம்புகிறேன்.

இவற்றையெல்லாம் வைத்து, விழாவில் மட்டுமே பார்க்கப்பட்ட ஒரு விசித்திரமான அசல் கதைக்கு, நல்ல விநியோகஸ்தர் அமைந்திருந்தால், நான் கொடுக்கும் வரிசை இது: முதலில் அசல் திரைக்கதைப் பரிந்துரை, அடுத்து ஒரு நடிப்புப் பரிந்துரை, பிறகு பத்தில் ஒன்றாகச் சிறந்த படப் பரிந்துரை, அதன் பிறகே இயக்கம். சிறந்த படத்தை வெல்வது பற்றி விழாக் காலத்தில் பேசுவது பொருளற்றது. திரைக்கதை விருதை வெல்வது பற்றி டிசம்பரில் நியூயார்க், லாஸ் ஏஞ்சலீஸ் விமர்சகர் சங்கங்களின் முடிவுகள் வந்த பின் பேசலாம். ஆனால் அவர்கள் சிறுபான்மையின் தீவிரத்தைக் காட்டுபவர்களே அன்றிப் பெரும்பான்மையின் மனத்தைக் காட்டுபவர்கள் அல்லர். ஸ்பிரிட் விருதுகளை இந்தக் கணக்கில் அதிகம் நம்ப வேண்டாம். படச்செலவுக்கு உச்சவரம்பு வைத்திருக்கும் அந்தப் போட்டியில் பெரிய படங்கள் இல்லாததால், அங்கே முதலிடம் பெறுவது பெரும் களத்தில் எந்த இடம் என்பதைச் சொல்லாது.

கணிப்பை உண்மையாகவே திருத்த வேண்டிய நாள், தயாரிப்பாளர் சங்கம் தன் பத்துப் படங்களை அறிவிக்கும் நாள். அவர்களும் 2009 முதல் வரிசை வாக்கையே பயன்படுத்துகிறார்கள். அதன் பிறகு அவர்களுடைய முடிவு ஆஸ்கரிலிருந்து விலகியது 2015, 2016, 2019 ஆகிய ஆண்டுகளில்தான். 'எவ்ரிதிங் எவ்ரிவேர் ஆல் அட் ஒன்ஸ்', 'அனோரா' இரண்டும் அந்தச் சங்கத்தின் விருதை முதலில் வென்றவையே. நீங்கள் கேட்கும் படம் அந்தப் பத்தில் இடம்பெற்று, படத்தொகுப்பாளர்களின் சங்கமும் அதைப் பரிந்துரைத்திருந்தால், விசித்திரத்தை நேசிப்பவர்களின் வட்டத்தைத் தாண்டி அது பொது உறுப்பினர்களிடம் சென்று சேர்ந்துவிட்டது என்று கொள்ளலாம், சிறந்த படத்தைப் பற்றியும் அப்போது பேசத் தொடங்கலாம். இடம்பெறாவிட்டால், திரைக்கதையையும் அந்த ஒரு நடிகரையும் மட்டும் பட்டியலில் வைத்துக்கொண்டு மற்றவற்றை அடித்துவிடுங்கள்.